ஆயாவின் பெயர் என்ன?

(2025 ஜூலை 27, பொதுக்காலம் 17-ஆம் ஞாயிறு. தாத்தா பாட்டியருக்கும் முதியோருக்குமான உலக நாளையொட்டி நம் பங்குத்தந்தை வானொலியில் வழங்கிய மறையுரை.)



போன ஞாயிறு திருப்பலி முடிந்ததும் எங்கள் பங்கில் ஒரு சின்னப் போட்டி வைத்தோம். மறைக்கல்விப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு தாள் கொடுத்தோம். ஐந்தே கேள்விகள். உன் பாட்டி அல்லது தாத்தாவின் முழுப்பெயர் என்ன? அவர் பிறந்த ஊர் எது? அவர் முதன்முதலில் செய்த வேலை என்ன? அவருக்கு மிகவும் பிடித்த சாப்பாடு எது? அவர் எதற்குப் பயப்படுவார்?

நான்காம் வகுப்புப் பையன் ஒருவன் பத்து நிமிடம் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். முதல் கேள்விக்கு எதிரே "ஆயா" என்று எழுதியிருந்தான். எங்கள் பக்கத்தில் பாட்டியை ஆயா என்றுதான் கூப்பிடுவார்கள். "தம்பி, முழுப்பெயர் எழுதணும்பா" என்றேன். இன்னும் கொஞ்ச நேரம் யோசித்தான். பிறகு முன்னால் ஒரு சொல்லைச் சேர்த்தான்: "எங்க ஆயா."

கோவிலே சிரித்தது. எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தவர், பின் வரிசையில் உட்கார்ந்திருந்த அந்த ஆயாதான்.

அடுத்தது பெரியவர்கள் முறை. பேரப்பிள்ளைகளைப் பற்றிய கேள்விகள். எந்தப் பல் ஆடுகிறது, யார் சாப்பாட்டில் கறிவேப்பிலையை ஒதுக்குவது, யாருக்கு இடிச்சத்தம் ஆகாது, எல்லாவற்றையும் சரியாகச் சொன்னார்கள். ஒரு தாத்தா உற்சாகத்தில், பேரன் கணக்குத் தேர்வில் வாங்கிய மதிப்பெண்ணையும் சேர்த்துச் சொல்லிவிட்டார். அந்த விஷயம் பையனின் அப்பாவுக்கு அங்கேதான் தெரிந்தது! தாத்தாவுக்குப் பரிசு கிடைத்தது. பேரனுக்குக் கிடைத்ததை நான் சொல்ல வேண்டியதில்லை.

எல்லாரும் கலைந்த பிறகு அந்த ஆயா என்னிடம் வந்தார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்: "பையன் மேல தப்பு இல்ல சாமி. என் பேரைச் சொல்லிக் கூப்புட ஊட்ல யாரு இருக்காங்க? எங்க ஊட்டுக்காரரு போனதோட அதுவும் போச்சு. இப்போ ரேஷன் கடையிலயும் ஆஸ்பத்திரியிலயும்தான் என் பேரு கீது."

அந்த வார்த்தை ஒரு வாரமாக என் மனத்தைவிட்டுப் போகவில்லை. அதைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள வந்திருக்கிறேன்.

அன்பானவர்களே, இன்றைய முதல் வாசகத்தில் ஒரு தாத்தாவைச் சந்திக்கிறோம். ஆபிரகாமுக்கு அப்போது வயது 99. கடவுளோடு நின்று பேரம் பேசுகிறார். சோதோம் நகரில் 50 நீதிமான்கள் இருந்தால் அழிப்பீரா என்று தொடங்குகிறார். பிறகு 45, 40, 30, 20 என்று இறங்கி, கடைசியில் 10-இல் வந்து நிற்கிறார். நம் ஊர்ச் சந்தையில் கீரைக்கட்டு வாங்கும் பாட்டிகளைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. "கோவிச்சிக்காதே, இன்னும் ஒரே ஒரு வாட்டி கேக்கறேன்" என்று சொல்லியே விலையைப் பாதியாக்கிவிடுவார்கள்.

ஆனால் ஆபிரகாமின் பேரத்தில் ஒன்றைக் கவனியுங்கள். தனக்காக அவர் எதுவுமே கேட்கவில்லை. அந்த நகரில் அவருடைய சகோதரர் மகன் லோத்து குடும்பத்தோடு இருந்தார். முதியவர்களின் வேண்டுதல் பெரும்பாலும் இப்படித்தான். ஒரு பாட்டியின் செபமாலை யாருக்காக உருள்கிறது என்று கேட்டுப் பாருங்கள். பேத்தியின் கல்யாணம், பேரனின் வேலை, மருமகளின் பிரசவம், மகனின் குடிப்பழக்கம் எல்லாம் வரிசையில் நிற்கும். தன் மூட்டுவலி கடைசியில் நிற்கும். சில நாள் அதற்குள் தூக்கமே வந்துவிடும்.

போன ஞாயிறு வாசகம் முடிந்த இடத்திற்கு அடுத்த வரிகளையும் வீட்டில் வாசித்துப் பாருங்கள். உனக்குப் பிள்ளை பிறக்கும் என்ற செய்தியைக் கூடார வாயிலில் ஒட்டுக்கேட்ட சாரா, உள்ளுக்குள் சிரித்துவிடுகிறார். "நான் சிரிக்கவில்லை" என்று சாதிக்கவும் பார்க்கிறார். பிறந்த பிள்ளைக்கு வைத்த பெயர் ஈசாக்கு. அந்தப் பெயருக்கே சிரிப்பு என்றுதான் பொருள். வயதானவர்களின் வீட்டுக்குள் கடவுள் சிரிப்பாகத்தான் நுழைந்தார்.

இன்றைய நற்செய்தியில் ஆண்டவர் கேட்கச் சொல்கிறார், தேடச் சொல்கிறார், தட்டச் சொல்கிறார். நம் தமிழில் ஓர் அழகு இருக்கிறது. 'கேள்' என்ற ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள்கள். வேண்டியதைக் கேட்பதும் கேட்பதுதான். காதுகொடுத்துக் கேட்பதும் கேட்பதுதான். கடவுளிடம் முதல் பொருளில் நிறையக் கேட்கிறோம். தாத்தா பாட்டியிடமும் சிறு வயதில் நிறையக் கேட்டோம்: மிட்டாய்க்குக் காசு கேட்டோம், கதை கேட்டோம். இரண்டாவது பொருளில் அவர்களைக் கேட்டோமா?

எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். வயது எண்பதைத் தாண்டிவிட்டது. பிறந்தது இந்த ஊரில், இருப்பதும் இதே ஊரில். ஆனால் அவர் பிறந்தபோது இது சென்னை மாகாணம். 1953-இல் இது ஆந்திர மாநிலம். 1956-இல் ஆந்திரப் பிரதேசம். ம.பொ.சி. போன்றோர் நடத்திய எல்லைப் போராட்டத்தின் பலனாக, 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. 1969-இல் அதுவே தமிழ்நாடு ஆனது. "ஏப்ரல் ஒண்ணாந் தேதின்றதால முதல்ல யாரோ ஏமாத்தறாங்கன்னு நெனச்சோம் சாமி" என்பார். "நான் ஒரே திண்ணையிலதான் உக்காந்துனு இருந்தேன். கவர்மென்டுதான் மாத்தி மாத்தி வந்து என்னைப் பாத்துட்டுப் போச்சு" என்றும் சொல்வார். பள்ளிக்கூடத்தில் அவர் கற்றது தெலுங்கு. இன்றைக்கும் செபம் தமிழில், கோபம் தெலுங்கில்.

அவருடைய பேத்தி பன்னிரண்டாம் வகுப்பு. மாநிலங்கள் பிரிந்த வரலாற்றைப் பற்றிக் கட்டுரை எழுத வேண்டுமென்று கைப்பேசியில் தேடிக்கொண்டிருந்தாள். அந்த வரலாறு அடுத்த அறையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தது. அவளும் கேட்கவில்லை, அவருக்கும் யாரும் சொல்லவில்லை. நான்தான் தற்செயலாகப் போய் இருவரையும் எதிரெதிரே உட்கார வைத்தேன். அன்று இரவு எட்டு மணி வரை பேச்சு நிற்கவில்லை என்று பிறகு அவள் அம்மா சொன்னார்கள்.

இதை ஏதோ பெருமையாகச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். கேட்காமல் போனதன் வலி என்ன என்று எனக்குத் தெரியும். அதையும் சொல்லிவிடுகிறேன்.

நான் குருமடத்தில் இறையியல் படித்துக்கொண்டிருந்த காலம். விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தால், என் ஆயா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஒரு கதையைத் தொடங்குவார்கள். என் அப்பா கைக்குழந்தையாக இருந்தபோது கடும் காய்ச்சல். பெருமழை. இடுப்பில் பிள்ளையோடு வைத்தியரைத் தேடி நடந்தே போயிருக்கிறார்கள். வழியில் ஒரு கிராமத்தில், தறி நெய்யும் வீட்டுப் பெண் ஒருத்தி கூப்பிட்டு, உலர்ந்த புடவை கொடுத்து, பிள்ளைக்குக் கஞ்சித் தண்ணீர் கொடுத்து, விடியும்வரை அடுப்புப் பக்கத்தில் உட்கார வைத்திருக்கிறாள். அந்தப் பெண்ணின் பெயரையும் அந்த ஊரின் பெயரையும் ஆயா ஒவ்வொரு முறையும் சொல்வார்கள்.

அன்று என் கையில் மூவொரு இறைவனைப் பற்றிய பாடநூல். விடுமுறை முடிந்ததும் தேர்வு. ஆயா கதையைத் தொடங்கினார்கள். நான் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "ஆயா, இதை நூறு வாட்டி சொல்ட்டே" என்றேன்.

"அப்டியா நைனா" என்றார்கள். அவ்வளவுதான். எழுந்து உள்ளே போய்விட்டார்கள். அதன் பிறகு அந்தக் கதையை எனக்கு அவர்கள் சொல்லவே இல்லை. அடுத்த தவக்காலத்தில் இறந்துபோனார்கள்.

தேர்வில் எனக்கு நல்ல மதிப்பெண். தந்தை, மகன், தூய ஆவியார் மூவரும் ஒருவரோடொருவர் தங்களை முழுமையாகப் பகிர்ந்துகொள்ளும் உறவில் ஒரே கடவுளாய் இருக்கிறார்கள் என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தேன்!

சில ஆண்டுகள் கழித்து எனக்குக் குருத்துவத் திருநிலைப்பாடு. அழைப்பிதழ் கொடுக்கப் போகும்போது எனக்கு ஓர் ஆசை வந்தது. அந்தத் தறிக்காரப் பெண்ணின் குடும்பத்தைத் தேடிப்போய், "உங்கள் வீட்டு அடுப்புச் சூட்டில் பிழைத்த பிள்ளையின் மகன் நான்" என்று சொல்லி நன்றி கூற வேண்டும். எந்த ஊர்? நினைவில் இல்லை. அவள் பெயர்? நினைவில் இல்லை. அப்பாவுக்கும் தெரியவில்லை, அவர் அப்போது கைக்குழந்தை. ஆயா நூறு முறை சொன்னார்கள். நான் ஒருமுறைகூடக் கேட்டிருக்கவில்லை.

தகப்பனுக்கு அறிவு மங்கினாலும் அவரிடம் பொறுமையாக இரு என்று சீராக்கின் ஞான நூல் மூன்றாம் அதிகாரம் சொல்கிறது. அதை மனப்பாடமாகச் சொல்வேன். தேவைப்பட்ட அன்று அது நினைவுக்கு வரவில்லை. வயதானவர்கள் ஏன் சொன்னதையே சொல்கிறார்கள்? நினைவு தேய்வது ஒரு காரணமாக இருக்கலாம். நாம் இன்னும் வாங்கிக்கொள்ளவில்லை என்று அவர்களுக்குத் தெரிவதும் ஒரு காரணமாக இருக்கலாம். கதவு திறக்கும்வரை தட்டிக்கொண்டே இருக்கும் நண்பனைப் பற்றி ஆண்டவர் இன்று சொல்கிறார். என் ஆயாவும் தட்டினார்கள். நான் திறக்கவில்லை.

அன்பானவர்களே, இந்த நாளை நமக்குக் கொடுத்தவர் மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ். 2021 ஜனவரியில் இதை அறிவித்தார். இயேசுவின் தாத்தா பாட்டியான புனித சுவக்கீன், அன்னா விழா ஜூலை 26. அதையொட்டி, ஜூலை மாதத்தின் நான்காம் ஞாயிறு. விசுவாசத்தை அவருக்கு முதலில் ஊட்டியவர் பாட்டி ரோசா. பாட்டி எழுதிக் கொடுத்த கடிதத்தைத் தம் திருப்புகழ்மாலை நூலுக்குள் எப்போதும் வைத்திருந்தார். சவத்துக்குப் போர்த்தும் துணியில் யாரும் பை வைத்துத் தைப்பதில்லை என்று பாட்டி சொன்னதை, திருத்தந்தையாகி ஏறிய முதல் குருத்து ஞாயிறு மறையுரையிலேயே சொன்னார். பெரிய இறையியலைப் பாட்டிகள் இப்படி ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்.

பாட்டி சொன்ன இன்னொரு கதையையும் 2015 மார்ச்சில் அவர் பகிர்ந்துகொண்டார். ஒரு வீட்டில் தாத்தாவுக்குக் கை நடுங்கும். சாப்பிடும்போது சிந்தும். விருந்தினர் முன் அசிங்கமாக இருக்கிறதென்று மகன் அவருக்குச் சமையலறையில் தனியாக ஒரு சிறு மேசை போட்டுக் கொடுத்தான். சில நாள் கழித்து வீட்டுக்கு வந்தபோது அவனுடைய சின்னப் பிள்ளை மரக்கட்டையும் சுத்தியும் ஆணியுமாக உட்கார்ந்திருந்தது. என்ன செய்கிறாய் என்று கேட்டான். மேசை செய்கிறேன் அப்பா, உனக்கு வயதானதும் நீ உட்கார்ந்து சாப்பிட, என்றது குழந்தை.

நம் வீடுகளில் அந்தத் தனி மேசை எந்த உருவத்தில் இருக்கிறது? சில வீடுகளில் எல்லாரும் டிவி முன் சாப்பிட்டு முடித்தபின் பாட்டிக்குப் போகும் தட்டு. சில வீடுகளில் விருந்தினர் வந்தால் சாத்தப்படும் அறை. இன்னொரு விதமும் உண்டு. நம் பக்கத்தில் பாட்டியும் ஆயா, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள அமர்த்தும் அம்மாவும் ஆயா. சில வீடுகளில் இந்த இரண்டு ஆயாவுக்கும் வித்தியாசமே இல்லாமல் போய்விட்டது. ஒரே வித்தியாசம், இரண்டாவது ஆயாவுக்குச் சம்பளமும் ஞாயிற்றுக்கிழமை விடுமுறையும் உண்டு! பிள்ளைகள் காலை ரயிலில் சென்னைக்கு வேலைக்குப் போய் இருட்டிய பின் திரும்புகிறார்கள். அவர்கள் பாடு எனக்குத் தெரியும். உதவி கேட்பதில் தவறில்லை. "உனக்கு முடியுமா ஆயா?" என்று கேட்டுவிட்டுக் கேளுங்கள்.

பெற்றோரைப் பேண வேண்டும் என்று 2007-இல் நாடாளுமன்றம் சட்டம் போட்டது. பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, வயதுவந்த பேரப்பிள்ளைகளுக்கும் அதில் பொறுப்பு உண்டு. கைவிடப்பட்டவர்கள் கோட்டாட்சியர் அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். 14567 என்ற முதியோர் உதவி எண்ணுக்குக் கட்டணமில்லாமல் பேசலாம். கேட்டுக்கொண்டிருக்கும் யாருக்காவது தேவைப்பட்டால் தயங்காதீர்கள். அதில் வெட்கம் உங்களுடையது அல்ல. ஆனால் சட்டம் சோறு வாங்கித் தரும். பக்கத்தில் உட்கார்ந்து "அப்புறம் என்னாச்சு ஆயா?" என்று கேட்காது. அதற்குப் பிள்ளைகள்தான் வேண்டும்.

2025 யூபிலி ஆண்டு. புனிதக் கதவைக் கடக்க உரோமைக்குப் போக நம்மில் எத்தனை பேரால் முடியும்? திருத்தந்தை 14-ஆம் லியோ இந்த நாளுக்காகத் தந்த செய்தியில், உரோமைக்கு வர இயலாதவர்கள் தனிமையில் இருக்கும் முதியோரைச் சந்தித்து, அவர்களோடு நேரம் செலவிடலாம் என்கிறார். அவர்களுள் இருக்கும் கிறிஸ்துவிடம் போகும் திருப்பயணம் அது. அதற்கும் 2025 யூபிலியின் பலன் உண்டு.

திருப்பயணம் என்றால் என்ன என்று எங்கள் ஊர்க்காரர்களுக்கு யாரும் விளக்க வேண்டாம். ஆடி பிறந்துவிட்டது. முருகன் கோவிலுக்குக் காவடியோடு வரும் கூட்டம் தெருவை நிறைக்கிறது. மலைக்குப் படிகள் 365, ஆண்டின் நாளுக்கு ஒரு படி என்பார்கள். நான் அடிக்கடி பார்க்கும் காட்சி ஒன்று. பேரனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஒரு தாத்தா படியேறுவார். இறங்கி வரும்போது முழங்கால் வலிக்கும். அப்போது அந்தப் பேரன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "மெதுவா தாத்தா, இங்க ஒரு படி இருக்கு" என்று சொல்லிக்கொண்டே வருவான். யாரைக் கும்பிட வந்தவர்களாக இருந்தாலும், அந்தக் காட்சியில் கடவுள் மகிழ்வார் என்று நான் நம்புகிறேன். நம்மைத் தூக்கி ஏற்றியவர்கள் இறங்கும் நேரம் இது. நம் கை எங்கே இருக்கிறது?

இந்த வாரம் மூன்று காரியங்கள் செய்வோம். ஒன்று, ஒருவேளைச் சாப்பாடு, கைப்பேசியை அலமாரியில் வைத்துவிட்டு, பெரியவர்களையும் நடுவில் உட்கார வைத்துச் சாப்பிடுவோம். இரண்டு, பிள்ளைகளே, தினம் ஒரு கேள்வி. "ஆயா, நீ சின்னப் பிள்ளையா இருக்கும்போது யாரிடம் அடி வாங்கினே?" என்று தொடங்குங்கள், மீதி தானாக வரும். தூரத்தில் இருப்பவர்கள் போனில் கேளுங்கள். எங்கள் பங்கில் ஒரு பாட்டிக்கு வெளிநாட்டுப் பேரன் வீடியோவில் அழைத்தான். பாட்டி பழக்கத்தில் போனைக் காதில் வைத்துக்கொண்டார். பேரன் பத்து நிமிடம் பாட்டியின் கம்மலோடு பேசிக்கொண்டிருந்தான். "முகத்தைக் காட்டு பாட்டி" என்று கத்தினால், "உன் குரலைக் கேட்கத்தான்டா போனு, என் மூஞ்சியைப் பார்க்கவா?" என்றாராம். அந்தப் பாட்டிக்கு 'கேள்' என்பதன் பொருள் நன்றாகவே தெரிந்திருக்கிறது.

மூன்று, இரவுச் செபம் முடிந்ததும் பழைய வழக்கப்படி "தோத்திரம் ஆயா", "தோத்திரம் தாத்தா" என்று சொல்லி நெற்றியை நீட்டுங்கள். பெரியவர்களே, கட்டைவிரலால் சிலுவை வரைந்து ஆசி கொடுங்கள். யாக்கோபு கண் மங்கிய வயதில் பேரப்பிள்ளைகளை அருகில் அழைத்து, முத்தமிட்டு, தலைமேல் கைவைத்து ஆசி வழங்கினார். அவரால் முடிந்தது உங்களாலும் முடியும். இன்னொன்றும் உங்களிடம் உரிமையோடு சொல்கிறேன்: "எங்க காலத்துல" என்று தொடங்கும் வாக்கியம் கதையாக முடிந்தால் பிள்ளைகள் கேட்பார்கள், மருமகளைப் பற்றிய குறையாக முடிந்தால் எழுந்து போய்விடுவார்கள்.

நேற்று மாலை அந்த நான்காம் வகுப்புப் பையன் மூச்சிரைக்க ஓடிவந்தான். "ஃபாதர், எங்க ஆயா பேரு தெரிஞ்சிக்கிட்டேன்" என்று சொல்லி, முழுப்பெயரையும் கோவில் வாசலில் நின்று உரக்கச் சொன்னான். அந்தப் பெயரை வைத்தது யார், ஏன் வைத்தார்கள், ஆயா சின்ன வயதில் எந்த ஆற்றில் விழுந்து எழுந்தார் என்று எல்லாம் சொன்னான். பின்னாலேயே மெதுவாக நடந்து வந்த ஆயா, தன் பெயர் தெருவில் கேட்பதைக் கேட்டு, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

அந்தப் பெயரை நான் வானொலியில் சொல்லப்போவதில்லை. உங்கள் ஆயாவின் பெயரை, உங்கள் தாத்தாவின் பெயரை இப்போது ஒருமுறை வாய்விட்டுச் சொல்லுங்கள். உயிரோடு இருந்தால், போய் அவர்கள் பக்கத்தில் உட்காருங்கள். இறைவனடி சேர்ந்திருந்தால், அந்தப் பெயரைச் சொல்லி ஓர் அருள்நிறை மரியே சொல்லுங்கள்.

மன்றாடுவோம். எங்கள் விண்ணகத் தந்தையே, ஆபிரகாமின் பேரத்தைப் பொறுமையோடு கேட்டவரே, சாராவின் சிரிப்பை ஒரு குழந்தையின் பெயராக்கியவரே, எங்களைத் தூக்கி வளர்த்த கைகளை ஆசீர்வதியும். யாரும் வந்து பார்க்காத முதியோரின் அறைக்குள் இன்று யாரையாவது அனுப்பும். அது நாங்களாக இருக்கட்டும். நாங்கள் கேட்கத் தவறிய கதைகளுக்காக எங்களை மன்னியும். இன்னும் சொல்லக் காத்திருக்கும் கதைகளைக் கேட்க எங்களுக்குக் காதும் நேரமும் தாரும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக மன்றாடுகிறோம். ஆமென்.